திரும்ப அழைக்கப்பட்டவர்கள்

நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரியில் விடுமுறை. 1954இல் அந்த நாளில்தான் பிரெஞ்சு நிர்வாகம் இந்தியாவின் கைக்கு மாறியது. எனக்கு அப்போது நான்கு வயது. அப்பா தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனதாக அம்மா சொல்வார்கள். எனக்கு நினைவில்லை.

அதே நாளில், 1954 நவம்பர் 1இல், அல்ஜீரியாவில் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான போர் தொடங்கியது. இங்கே துப்பாக்கிச் சத்தமில்லாமல் ஒரு கொடி இறங்கி இன்னொரு கொடி ஏறிய நாளில், மத்தியதரைக் கடலின் தென்கரையில் முதல் குண்டுகள் வெடித்தன. ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் அந்தப் போர் நடந்தது. நம் ஊரின் சட்டப்பூர்வமான இணைப்புகூட அதற்காகக் காத்திருந்தது. ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தந்ததோ அல்ஜீரியா விடுதலை பெற்ற பிறகு, 1962 ஜூலையில். ஆகஸ்ட் 16இல்தான் எல்லாம் முடிந்தது.

இதையெல்லாம் எனக்குப் புரிய வைத்தது பாடப்புத்தகம் அல்ல. எங்கள் வரலாற்று ஆசிரியர். இந்த வலைப்பூவில் அவரைப் பற்றி முன்பே எழுதியிருக்க வேண்டும். ஒரு கூச்சம் தடுத்துக்கொண்டே இருந்தது. அந்தக் கூச்சத்தின் காரணத்தையும் கீழே சொல்லிவிடுகிறேன்.

முசியே

1965ஆம் ஆண்டு. நான் பிரெஞ்சு வழியில் படித்துக்கொண்டிருந்தேன். பிரான்சிலிருந்து வந்த ஒருவர் எங்களுக்கு வரலாறும் புவியியலும் நடத்தினார். முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயது இருக்கும். மெலிந்த மனிதர், மெல்லிய குரல். வெர்தனையும் மார்னையும் நடத்தினால் கரும்பலகை முழுவதும் அம்புக்குறிகளாக இருக்கும். அல்ஜீரியாவின் பெயர் வந்தால் மட்டும் இரண்டு வரியில் முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

என் வகுப்புத் தோழனின் அப்பா ஒரு சொல்தா. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் வாங்குபவரை நாங்கள் இன்றும் சொல்தா என்றுதான் சொல்வோம். எங்கள் பெரியப்பாவும் சொல்தாதான். இந்தோசீனாவில் இருந்தார், பிறகு அல்ஜீரியாவில் இருந்தார். ஆகவே எங்களுக்கு அல்ஜீரியா புதிய பெயர் இல்லை. தோழன் ஒருநாள் எழுந்து, "முசியே, நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா?" என்று கேட்டான்.

"போயிருக்கிறேன். நான் ரப்பெலே" என்றார் அவர்.

ரப்பெலே என்றால் திரும்ப அழைக்கப்பட்டவர். அதன் பொருள் அன்று எங்களுக்கு விளங்கவில்லை. நான் முந்திக்கொண்டு ஒரு கேள்வி கேட்டேன். "முசியே, நீங்கள் எத்தனை பேரைச் சுட்டீர்கள்?"

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். மணி அடிக்கும் வரை திரும்பவே இல்லை. அதுதான் என் கூச்சம். பதினைந்து வயதுப் பையன் சினிமா பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி என்று இன்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனாலும் அந்த முதுகு எனக்கு இன்னும் தெரிகிறது.

ரிசர்வ் என்பது ஒரு கோப்பு

முப்பத்தைந்து ஆண்டுகள் அரசு எழுத்தராக இருந்தவன் நான். எதையும் கோப்பாகப் பார்த்தால்தான் எனக்குப் புரியும்.

அன்றைய பிரான்சில் ஒவ்வோர் இளைஞனும் 18 மாதம் கட்டாய ராணுவ சேவை செய்ய வேண்டும். முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். ஆனால் கணக்கு முடிந்துவிடாது. அவன் பெயர் ராணுவப் பட்டியலில் இருக்கும். முதல் மூன்று ஆண்டுகளுக்கு அவனுக்கு 'திஸ்போனிப்ள்' என்று பெயர், அதாவது கைக்கெட்டும் நிலையில் இருப்பவன். அதன்பிறகு பல ஆண்டுகள் ரிசர்வ். அவனிடம் ஒரு சிறு ராணுவக் கையேடு இருக்கும். மேசை இழுப்பறையில் திருமணச் சான்றிதழோடும் வாடகை ரசீதோடும் அதுவும் கிடக்கும். பெரும்பாலோருக்கு அதை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டிய தேவையே வருவதில்லை.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு நியாயம் உண்டு. அமைதிக் காலத்தில் பெரிய படையை வைத்துச் சோறு போட எந்த நாட்டாலும் முடியாது. பயிற்சி தந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எதிரி எல்லைக்கு வந்தால் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்பது கணக்கு. 1914இல் அப்படித்தான் கூப்பிட்டார்கள். மணி அடித்தது, சுவரொட்டி ஒட்டினார்கள், ஊரே கிளம்பியது. எதிரி யார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரனும் கூடவே வந்தான்.

1955இல் கூப்பிட்டபோது இவை எதுவும் இல்லை.

இந்தோசீனப் போருக்குக் கட்டாய சேவையில் இருந்தவர்களை அனுப்பவில்லை. அங்கே சண்டை போட்டவர்கள் சம்பளத்துக்குச் சேர்ந்த வீரர்கள், அந்நியர் படையினர், எங்கள் பெரியப்பா போன்ற காலனிக்காரர்கள். அதனால் மார்செய் துறைமுகத்திலிருந்து கப்பல் போனாலும், பிரெஞ்சுக் குடும்பங்கள் பலவற்றுக்கு அது தொலைவில் நடக்கும் செய்தியாகவே இருந்தது. அல்ஜீரியாவின் நிலை வேறு. சட்டப்படி அது பிரான்சின் மாவட்டங்களாகவே இருந்தது. காலனி என்ற பெயர் அதற்கு இல்லை. சொந்த நாட்டுக்குள் போர் என்று ஒன்று இருக்க முடியாதல்லவா? எனவே அங்கே நடப்பது 'ஒழுங்கை நிலைநாட்டும் நடவடிக்கை' என்று அரசு பெயர் வைத்தது. சொந்த மாவட்டம் என்பதால் கட்டாய சேவையில் இருப்பவனையும் அனுப்பலாம், ரிசர்வில் இருப்பவனையும் அனுப்பலாம். போர் இல்லை என்பதால் பொது அணிதிரட்டல் அறிவிக்க வேண்டாம், அமைச்சரவையின் ஓர் ஆணை போதும்.

ஒரே கோப்பில் இரண்டு வசதி. எழுத்தராக இருந்தவனுக்கு இதன் சாமர்த்தியம் நன்றாகவே புரியும்.

முதல் அழைப்பு

1955 ஆகஸ்ட் 20இல் வடகிழக்கு அல்ஜீரியாவில், ஃபிலிப்வில் நகரிலும் சுற்றுப்புறங்களிலும், விடுதலை முன்னணியினர் பெரிய தாக்குதல் நடத்தினர். நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதற்குப் பதிலடியாக அல்ஜீரியர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். நான்கே நாளில் எட்கார் ஃபோர் அரசு ஆணை பிறப்பித்தது. அண்மையில் வீட்டுக்குப் போன சுமார் 60,000 பேர் திரும்பி வர வேண்டும். விடுவிக்கப்பட இருந்தவர்கள் மேலும் சில மாதங்கள் இருக்க வேண்டும்.

போன இளைஞர்களில் பலருக்கு வேலை கிடைத்திருந்தது. சிலருக்குத் திருமணம் ஆகியிருந்தது. செப்டம்பர் 11 அன்று பாரிசின் லியோன் ரயில் நிலையத்தில், விமானப்படைக்குத் திரும்ப அழைக்கப்பட்ட சில நூறு பேர் ரயிலில் ஏற மறுத்தனர். சீருடை அணிந்திருந்தும் தங்களைச் 'சிவிலியன்கள்' என்று சொல்லி, வீட்டுக்கு அனுப்பும்படி முழங்கினர். அவர்களை வேறு வழியில் அனுப்ப வேண்டியதாயிற்று. அதே மாதம் 29இல் சேன் செவெரேன் தேவாலயத்தில் ரிசர்வ் வீரர்கள் கூடி வடஆப்பிரிக்காவின் அமைதிக்காகப் பூசை கேட்டனர். அங்கே ஒரு துண்டறிக்கையும் கொடுத்தார்கள். மனசாட்சி பிளவுபட்டு நிற்கும் கிறிஸ்தவ இளைஞர்களின் குரல் அது. அக்டோபர் தொடக்கத்தில் ருவான் நகரில் ஒரு படைமுகாமே கிளம்ப மறுத்தது. வெளியே கூடிய தொழிலாளர்களுக்கும் காவல்படைக்கும் மோதல் நடந்தது.

இவர்கள் எல்லாரும் கோழைகளா? அரசியல் கட்சி தூண்டிவிட்டவர்களா? கம்யூனிஸ்டுகள் ருவானில் உதவினார்கள் என்பது உண்மை. ஆனால் தேவாலயத்தில் மண்டியிட்டவர்களை யார் தூண்டினார்கள்? பயிற்சி பெற்று, 18 மாதத்தை முணுமுணுக்காமல் முடித்தவர்கள்தான் இவர்கள். முடிந்த கணக்கை ஏன் மறுபடி திறக்கிறீர்கள் என்பதே அவர்களின் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல யாருக்கும் முடியவில்லை.

இரண்டாம் அழைப்பு

1956 ஜனவரி 2இல் தேர்தல். சோஷலிஸ்ட் தலைவர் கீ மொல்லே இந்தப் போர் முட்டாள்தனமானது, போக்கிடம் இல்லாதது என்ற பொருளில் எழுதியிருந்தார். சமாதானம் வரும் என்று நம்பி மக்கள் வாக்களித்தனர். அவர் பிரதமரானார். பிப்ரவரி 6இல் அல்ஜியர்ஸ் போனபோது அங்கிருந்த ஐரோப்பியக் குடியேறிகள் அவர்மீது தக்காளி எறிந்தனர். அதன்பின் கொள்கை திரும்பிவிட்டது. மார்ச் 12இல் அல்ஜீரியா தொடர்பான சிறப்பு அதிகாரங்களை நாடாளுமன்றம் அரசுக்கு வழங்கியது. ஆதரவு 455, எதிர்ப்பு 76. கம்யூனிஸ்ட் உறுப்பினர்களும் ஆதரித்து வாக்களித்தார்கள். முந்தைய ஆண்டு ருவானில் வாசலில் நின்றவர்களின் கட்சி அது. ரயிலில் ஏற மறுத்த இளைஞனுக்கு இனி நாடாளுமன்றத்தில் ஆளில்லை.

ஏப்ரலில் புதிய ஆணை வந்தது. இம்முறை எண்ணிக்கை மிகப் பெரிது. அந்த ஆண்டில் திரும்ப அழைக்கப்பட்டவர்கள் சுமார் 2 லட்சம் பேர். போர் தொடங்கியபோது அல்ஜீரியாவில் இருந்த பிரெஞ்சுப் படை ஏறக்குறைய 50,000. 1956 கோடை முடிவில் அது 4 லட்சத்தை எட்டியது.

எங்கள் முசியே அந்த 2 லட்சத்தில் ஒருவர்.

வகுப்பில் நடந்ததற்குச் சில வாரங்களுக்குப் பிறகு, புவியியல் வரைபடங்களை எடுத்துவரச் சொல்லி என்னை அவர் வீட்டுக்கு அனுப்பினார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துப் போனேன், வாய் வரவில்லை. அவரே திண்ணையில் உட்கார வைத்து எலுமிச்சைச் சாறு கொடுத்தார். பிறகு, கேட்காமலேயே கொஞ்சம் சொன்னார். 1954இல் சேவை முடிந்தது. திருமணம் செய்துகொண்டு சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியரானார். 1956 மே மாதம், பள்ளி நடந்துகொண்டிருக்கும்போது, ஊர்க் காவலர் சைக்கிளில் வந்து ஒரு தாளை நீட்டினார். மூன்று நாளில் முகாமுக்கு வர வேண்டும். மனைவி கருவுற்றிருந்தார்.

"போனதுகூடப் பெரிதில்லை. எப்போது திரும்புவேன் என்று அந்தத் தாளில் எழுதியிருக்கவில்லை" என்றார்.

நானும் கோப்பு எழுதியவன். ஆணையில் முடியும் தேதி இல்லாமல் இருப்பது என்றால் என்ன என்பது எனக்குப் பிற்காலத்தில் சிறிய அளவில் தெரிந்தது. வேறொரு பிரிவில் ஆள் குறைவு, மூன்று மாதத்துக்கு மட்டும் என்று என்னை அனுப்பினார்கள். மூன்று மாதம் முடிந்ததும் மூன்று மாதம் நீட்டிப்பு, பிறகு இன்னும் மூன்று. இரண்டரை ஆண்டு ஓடியது. என் சொந்த மேசையில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். குண்டும் இல்லை, மலையும் இல்லை, மாலையானால் வீடு. அதற்கே எனக்கு அத்தனை எரிச்சல். முதல் மூன்று மாதம் உற்சாகமாக உழைத்தவன், ஒன்றரை ஆண்டில் காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரயில்கள்

1956 மே, ஜூன் மாதங்களில் பிரான்சின் ரயில் பாதைகளே போராட்டக் களமாயின. ரிசர்வ் வீரர்களை ஏற்றிய ரயிலில் அபாயச் சங்கிலியை இழுப்பார்கள். ரயில் நிற்கும். சரிசெய்து கிளம்பினால் அடுத்த மைலில் மறுபடி இழுப்பார்கள். பல ஊர்களில் மனைவிமாரும் தாய்மாரும் தொழிலாளர்களும் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். கிரெனோப்ள் நகரில் மே 18 அன்று தண்டவாளத்தில் சிமென்ட் கலவையைக் கொட்டி ரயிலை மறித்தார்கள்.

ஆனாலும் ரயில்கள் போய்ச் சேர்ந்தன. இதையும் சொல்ல வேண்டும். கூச்சலிட்டார்கள், சங்கிலி இழுத்தார்கள், ஜன்னலை உடைத்தார்கள், கடைசியில் மார்செயில் கப்பல் ஏறினார்கள். தலைமை ஏற்க எந்தப் பெரிய கட்சியும் இல்லை. ஓடிப்போனால் சிறை. "என் ரயிலிலும் சங்கிலி இழுத்தார்கள். ஒவ்வொரு முறை நின்றபோதும் இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் உட்கார்ந்தே இருந்தேன்" என்று முசியே சொன்னார்.

அங்கே போனபின்

போய்ச் சேர்ந்தவர்களுக்குத் தரப்பட்ட வேலை என்ன? நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு காவல் முகாம். பாலம், பண்ணை, திராட்சைத் தோட்டம், சாலைச் சந்திப்பு, மலைக் கிராமம் ஆகியவற்றைக் காக்க வேண்டும். இதற்கு ஏராளமான ஆட்கள் வேண்டும். அதற்காகத்தான் ரிசர்வ். தேர்ந்த பாராசூட் படைகள் எதிரியைத் தேடிப் போகும், இவர்கள் உட்கார்ந்து காவல் காப்பார்கள். இவர்கள் பெற்ற பயிற்சியோ ஐரோப்பாவில் சோவியத் படையை எதிர்க்கும் பெரும்போருக்கானது. மலைப் பாதையில் பதுங்கியிருப்பவனைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை. அவசரமாக உருவாக்கிய பிரிவுகளில் சிப்பாயும் ரிசர்வ், சார்ஜென்ட்டும் ரிசர்வ், லெப்டினன்ட்டும் ரிசர்வ்.

1956 மே 18. கிரெனோப்ளில் தண்டவாளத்தை மறித்த அதே நாள். அல்ஜியர்சுக்குத் தென்கிழக்கே பலெஸ்த்ரோ என்ற ஊருக்கு அருகில், மலைப்பகுதியில், 9ஆவது காலனிய காலாட்படையைச் சேர்ந்த 21 பேர் கொண்ட சிறு பிரிவு ஒன்று ரோந்து போனது. பெரும்பாலோர் திரும்ப அழைக்கப்பட்டவர்கள், பலர் பாரிஸ் பகுதிக்காரர்கள். அல்ஜீரியாவில் வந்திறங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அவர்களை நடத்திச் சென்ற துணை லெப்டினன்ட் எர்வே ஆர்த்தூரும் ரிசர்வ் அதிகாரிதான். பதுங்கியிருந்தவர்கள் சுட்டார்கள். 21 பேரில் உயிரோடு மீட்கப்பட்டவர் ஒருவர் மட்டுமே. பிறகு ராணுவம் அந்த வட்டாரத்துக் கிராமத்தார்மீது பழி தீர்த்துக்கொண்டது. அந்தக் கிராமத்தாரின் பெயர்கள் அன்றைய பிரெஞ்சு நாளிதழ்களில் வரவில்லை.

பத்து நாள் கழித்து, மே 28இல், புதுச்சேரி ஒப்பந்தம் தில்லியில் கையெழுத்தானது. ஒரு கையால் பேனாவைப் பிடித்த அதே அரசு இன்னொரு கையால் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

எங்கள் பெரியப்பாவிடம் ஒருநாள் இந்த ரப்பெலேக்களைப் பற்றிக் கேட்டேன். மாதாந்திர பான்சியோன் வாங்கி வந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நமக்கு அது உத்தியோகம்டா. சோறு, சம்பளம், பிற்காலத்துக்கு பான்சியோன். செத்தாலும் கணக்கு உண்டு. அவனுங்க அப்படியா? ஒருத்தன் தச்சன், ஒருத்தன் ரொட்டிக் கடைக்காரன், ஒருத்தன் வாத்தியார். ராத்திரி காவல்ல நிக்கும்போது கடைய யாரு திறப்பா, கடன யாரு கட்டுவானு பேசுவானுங்க. பாதி உடம்புதான் அங்க இருக்கும்" என்றார். அத்தோடு, "அவனுங்க பக்கத்துல நிக்க எனக்குப் பயம். பயந்தவன்தான் முதல்ல சுடுவான்" என்றும் சொன்னார். எந்த வரலாற்று நூலிலும் இதைவிடத் தெளிவாக நான் படித்ததில்லை.

பேசியவர்களும் பேசாதவர்களும்

ரிசர்வ் வீரன் ஓராண்டு முன்பு வரை வாக்காளர், செய்தித்தாள் வாசகர், சங்க உறுப்பினர். திரும்பியதும் மறுபடி அதே ஆள். அவன் கண்ணை மூடிவிட முடியாது. திரும்ப அழைக்கப்பட்டவர்களில் 'லெக்ஸ்பிரஸ்' வார இதழின் ஆசிரியர் ழான்-ழாக் செர்வான்-ஷ்ரைபேரும் இருந்தார். லெப்டினன்டாகப் போய்த் திரும்பி, 1957இல் தாம் கண்டதை எழுதினார். ராணுவத்தின் மன உறுதியைக் குலைத்தார் என்று அவர்மீது வழக்குத் தொடுத்தார்கள். கத்தோலிக்கச் சாரணர் இயக்கத்தில் இருந்த ழான் முல்லெர் என்ற இளைஞர் அக்டோபர் 1956இல் அங்கேயே இறந்தார். அவர் எழுதிய கடிதங்களை 1957 பிப்ரவரியில் ஒரு கிறிஸ்தவ வெளியீடு அச்சிட்டது. கைதிகள் சித்திரவதை செய்யப்படுவதை அந்தக் கடிதங்கள் விவரித்தன.

ஆனால் எழுதியவர்கள் சிலர், எழுதாமல் வீடு போய்ச் சேர்ந்தவர்கள் லட்சக்கணக்கானோர். முசியேவும் அவர்களில் ஒருவர். ஆறு மாதம் கழித்துத் திரும்பியபோது குழந்தை பிறந்து மூன்று மாதமாகியிருந்தது. பள்ளியில் சேர்ந்த முதல் நாள் தலைமை ஆசிரியர் கேட்டது ஒன்றுதான். விட்டுப்போன பாடத்தை எப்போது முடிப்பீர்கள்?

சுமை எங்கே போனது?

அரசு ஒரு பாடம் கற்றுக்கொண்டது. ரிசர்வைத் தொட்டால் ரயில் நிற்கிறது, மனைவிமார் தெருவுக்கு வருகிறார்கள், பத்திரிகை ஆசிரியர்கள் புத்தகம் எழுதுகிறார்கள். 1956 முடிவதற்குள் பெரும்பாலானவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மீதமிருந்த ஐந்தரை ஆண்டுப் போரில் அந்த அளவில் மறுபடி அவர்களைக் கூப்பிடவில்லை.

போர் குறைந்ததா என்றால் இல்லை. சுமையை இடம் மாற்றினார்கள். 18 மாதக் கட்டாய சேவை 27, 28 மாதம் வரை நீண்டது. இருபது வயதுப் பையனுக்கு அன்று வாக்குரிமை இல்லை, மனைவி இல்லை, கடை இல்லை, சங்கம் இல்லை. அவன் சங்கிலியை இழுக்க மாட்டான். ஒரு தலைமுறையே அப்படிப் போனது. பிரெஞ்சுப் படையினர் சுமார் 25,000 பேர் இறந்தார்கள். அல்ஜீரியர்கள் லட்சக்கணக்கில் இறந்தார்கள்.

இதே கணக்கை மற்றவர்களும் போட்டார்கள். 1965 ஜூலையில் வியட்நாமுக்குப் படையைக் கூட்டியபோது ரிசர்வை அழைக்கும்படி அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மக்நமாரா பரிந்துரைத்தார். அதிபர் ஜான்சன் மறுத்தார். அதற்குப் பதில் மாதம் 17,000 ஆக இருந்த கட்டாய ஆள்சேர்ப்பை 35,000 ஆக்கினார். ரிசர்வை அழைத்தால் நாடு விழித்துக்கொள்ளும், இளம் பையன்களை அழைத்தால் உடனே விழிக்காது. அவர்களும் கடைசியில் விழித்தார்கள் என்பது வேறு கதை. எதிர்த் திசையில் போனது இஸ்ரேல். 2023 அக்டோபரில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ரிசர்வ் வீரர்களை ஒரே மூச்சில் அழைத்தது. முதல் அழைப்புக்கு ஓடி வந்தார்கள். போர் நீண்டு, அழைப்பு இரண்டாவது, மூன்றாவது சுற்றாக வந்தபோது கடையும் படிப்பும் குடும்பமும் என்ன ஆவது என்ற பேச்சு அங்கேயும் எழுந்தது.

பட்டியலில் பெயர் இருக்கும் வரை ஆள் இருக்கிறான் என்று அரசு நினைக்கிறது. ரிசர்வ் என்பது குடிமகன் நாட்டுக்குக் கொடுத்த கைமாற்று. அவசரத்துக்கு எடுக்கலாம், சீக்கிரம் திருப்பித் தர வேண்டும், எதற்கு எடுக்கிறோம் என்றும் சொல்ல வேண்டும். முடிவு தெரியாத போருக்கு, அதைப் போர் என்றும் சொல்லாமல் எடுத்தால், அடுத்த முறை கேட்கும்போது கை நீளாது. பிரான்ஸ் அதை ஒன்றரை ஆண்டில் தீர்த்துவிட்டது.

பெயர்

அந்தப் போருக்குப் பெயர் வர 37 ஆண்டுகள் ஆயின. 1999 அக்டோபர் 18ஆம் தேதிச் சட்டத்தில்தான் 'அல்ஜீரியப் போர்' என்று பிரான்ஸ் ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பே, 1974இல், அங்கே போனவர்களுக்கும் போர்வீரர் அட்டை பெறும் உரிமை கிடைத்தது. குறிப்பிட்ட வயதில் சிறிய ஓய்வூதியமும் உண்டு. ஓய்வூதியக் கோப்புகளோடு வாழ்ந்த எனக்கு அதில் ஒரு செய்தி மிகவும் பிடித்தது. 2004இல், தென் பிரான்சில், அல்ஜீரியாவுக்குப் போய் வந்த விவசாயிகள் சிலர் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அந்தப் பணத்தைத் தங்களுக்காக வைத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை என்று சொல்லி, அல்ஜீரியாவிலும் போரால் பாதிக்கப்பட்ட மற்ற இடங்களிலும் நடக்கும் நற்பணிகளுக்குக் கொடுக்கிறார்கள். பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் பேசுகிறார்கள். ஐம்பது ஆண்டு வாய் திறக்காதவர்கள் பலர் அங்கேதான் முதன்முதலாகப் பேசினார்களாம்.

முசியே 1967இல் ஊருக்குத் திரும்பினார். அதன்பிறகு தொடர்பில்லை. இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருப்பார். அவருக்கும் அந்த அட்டை கிடைத்ததா, அவரும் ஏதாவது ஒரு வகுப்பறையில் போய்ப் பேசினாரா, தெரியாது.

அன்று திண்ணையில் எலுமிச்சைச் சாற்றைக் குடித்துவிட்டு வரைபடச் சுருளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் நிறுத்தி, "நீ கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கே தெரியாது. இருட்டில் சுட்டோம்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு ஓடிவிட்டேன்.

எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்டவன், குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்டிருக்கலாம். அறுபது ஆண்டுகள் கழித்துத்தான் அது தோன்றுகிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு சொல்தா தாத்தா இருந்தால், அல்லது போரிலிருந்து திரும்பிய யாராவது இருந்தால், இன்றே பக்கத்தில் போய் உட்காருங்கள். கேள்வியை மட்டும் கொஞ்சம் யோசித்துக் கேளுங்கள்.